தொட்டியை இடிச்சிட்டு ஷவர் வைக்கலாமா?

குளிக்கிற சாமானை விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வாங்க வருகிறவர்கள் தங்கள் வீட்டில் யார் எப்படிக் குளிக்கிறார்கள் என்பதை முன்பின் தெரியாத நம்மிடம் சொல்லியாக வேண்டும், நாமும் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் அப்படி நின்றது சிவகாசியில், ஒரு முஸ்லிம் பாய் நடத்துகிற கடையில். டைல்ஸ், வாஷ்பேசின், குழாய், ஷவர் எல்லாம் விற்கிற கடை. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஊரில் பாதிப் பேர் பழைய பாத்ரூமை இடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். வேற்று ஆளைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். "வீட்டுக்குச் சாமான் பாக்குறது பொம்பளைக. பொம்பளைகிட்டப் பொம்பளைதான் பேசணும்" என்று சொல்லி பாய் என்னை வேலைக்கு வைத்தார். அவர் நினைத்த பொம்பளை நான் இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

வருகிறவர்கள் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான். பாத்ரூமுக்குள் இருக்கிற சிமெண்டுத் தொட்டியை வைத்துக்கொள்வதா, இடித்துவிட்டு ஷவர் வைப்பதா? கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கும் இது நடந்திருக்கும். நம் வீட்டில் எதை முடிவு பண்ண முடியாமல் முழிக்கிறோமோ, அதைத்தான் அடுத்தவர் நம்மிடம் வந்து கேட்பார்கள்.

டைல்ஸைப் பார்த்துப் பேசினவள்

முதல் வாரம் அச்சாபீஸ்காரர் வீட்டு அம்மா ஒருவர் வந்தார். கழுத்து நிறைய நகை, கையில் பாத்ரூம் அளவு எழுதின காலண்டர் அட்டை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். சுவரில் ஒட்டியிருந்த மாதிரி டைல்ஸைப் பார்த்துக்கொண்டே மனப்பாடம் பண்ணினதை ஒப்பித்தேன். ஷவர் வைத்தால் இடம் மிச்சம், பாசி பிடிக்காது, கொசு முட்டை வைக்காது. பாய் கல்லாவில் இருந்தபடி தலையாட்டினார். நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

அந்த அம்மா திடீரென்று, "ஒங்க வீட்ல என்ன வச்சிருக்கீக?" என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. "தொட்டிங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இடிக்கலாமா வேணாமான்னு பயந்துக்கிட்டு இருக்கேங்க" என்று இன்னொரு வாக்கியமும் தானாக வந்துவிட்டது. "விக்கிறவளே பயப்படுறா" என்று சிரித்துவிட்டு, பழைய தொட்டிக்குள் ஒட்ட இரண்டு பெட்டி வெள்ளை டைல்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். வேலை போய்விட்டது என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பொய் சொல்ல வேணாம்மா செல்வி, அது நமக்கு ஆகாது. உண்மையை மட்டும் பில்லு போட்ட பெறகு சொல்லு."

இரண்டு பாதம்

அந்தப் பயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு மாமனார் கட்டினது. இரண்டு அறை, மேலே சின்ன மொட்டை மாடி, பின்னால் பாத்ரூம். பாத்ரூமில் இடுப்பு உயரத்துக்குத் தொட்டி. தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். வருகிற அன்றைக்கு நிரப்பினால் அடுத்த தடவை வரைக்கும் அதுதான். என் மகள் அபிநயாவுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சோறு வடித்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். பாத்ரூமில் வாளி கவிழ்ந்து கிடக்கிறது. அதற்கு மேலே, தொட்டி விளிம்பில் இரண்டு பாதம் மட்டும் தெரிகிறது. மீதிப் பிள்ளை உள்ளே. பாவாடையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு வாய் தண்ணீர் குடித்திருந்தாள், அவ்வளவுதான். இருமி முடித்துவிட்டு, "மீன் இல்லம்மா" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றையிலிருந்து கண்ணை மூடினால் அந்த இரண்டு பாதம். தொட்டி மேல் பலகை போட்டு மூடினேன். மறுநாள் பலகை மேல் ஏறி நின்று ஆடினாள். இடித்துவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. பட்டாசுக்குள் போகிற பொடியை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். காலையில் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். இறங்குகிற மனுஷன் உச்சி முதல் உள்ளங்கால் வரை அலுமினியப் பொடியில் மினுங்குவார். குளிக்காமல் பிள்ளையைத் தொட மாட்டார். அதற்கு அம்புட்டுத் தண்ணீர் வேண்டும். நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "தொட்டியை இடிச்சிட்டு, எட்டு நாள் தண்ணியை ஒன் முந்தானையில முடிஞ்சு வைப்பியா?"

யார் நிறுத்துவது?

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் மகனோடு வந்தார். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண்ணுக்கு மதுரை. பெண் வீட்டில் ஷவர் இருக்கிறதாம், அதனால் இங்கேயும் வேண்டுமாம். அதையெல்லாம் மகன் சொன்னான். அப்பா ஒரு ஷவரைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். நான் டைல்ஸைப் பார்த்தேன்.

"இதுல எம்புட்டுத் தண்ணி விழுகும்?" என்றார். "நிறுத்துற வரைக்கும் விழுகுங்க" என்றேன். "யாரு நிறுத்துறது?" "குளிக்கிறவகதான்." "அவ நிறுத்தலைன்னா?" மகன் காது சிவந்து, "அய்யா, பேசாம இருங்க" என்றான். அவர் இருக்கவில்லை. ஷவரை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மானாவாரி நெலம் தாயி எனக்கு. மேல இருந்து விழுகும் விழுகும்னு அண்ணாந்து பாத்தே கழுத்து போச்சு. இனிமே வீட்டுக்குள்ளயும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

முந்நூறு லிட்டர்

கடை முகப்பில் பாய் ஒரு பாத்டப் வைத்திருந்தார். ஆள் படுத்துக் குளிக்கிற வெள்ளைத் தொட்டி. யாரும் வாங்க மாட்டார்கள், கடைக்கு ஒரு மதிப்புக்கு இருக்கட்டும் என்று மதுரையிலிருந்து இறக்கினது. வருகிறவர்களின் பிள்ளைகள் அதற்குள்தான் ஏறி உட்காரும். சொட்டுத் தண்ணீர் இல்லாத தொட்டி என்று தெரிந்தும் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். கடைசியில் டைல்ஸ் பெட்டியை அடுக்கி அதை நிரப்பி வைத்தேன். "பாத்டப் வாங்குனா டைல்ஸ் இனாமா?" என்று கேட்டார் எங்கள் பிளம்பர் சுந்தரம் அண்ணன்.

ஒருநாள் ஒரு வசதியான வீட்டுக்காரர் வந்து அதை வாங்கியே விட்டார். நாலு மாதம் கழித்து அந்த வீட்டில் ஒரு குழாய் மாற்ற வேண்டும் என்று ஆள் வந்தது. பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, அதனால் பாய் சுந்தரம் அண்ணனோடு என்னையும் அனுப்பினார். போய்ப் பார்த்தால் டப் நிறையத் தண்ணீர். மேலே பிளைவுட் பலகை, பலகை மேல் இரண்டு செங்கல், பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலி மேல் செம்பு. "படுத்துக் குளிக்கலையாங்க?" என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா பலகையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "படுக்க நேரம் ஏது தாயி? நல்ல சாமான். முந்நூறு லிட்டர் பிடிக்குது, ஒரு சொட்டு ஒழுகலை."

பதினோரு மணி போன்

நான் வேலைக்குப் போகிற நேரம் அபிநயாவைப் பக்கத்து வீட்டு ராசாத்தி மதினி பார்த்துக்கொண்டார். வீட்டில் இருந்தபடியே காலண்டருக்கு அட்டை ஒட்டுகிறவர். எங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போவேன். பூட்டியிருக்கிறது என்று தெரியும். ஆனாலும் பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை கடைப் போனிலிருந்து மதினி வீட்டுக்குப் போன் போட்டு, "பூட்டு பூட்டியிருக்கா?" என்று கேட்பேன். சில நாள் பன்னிரண்டுக்கும் கேட்பேன். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வந்த அம்மாக்களே, என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

பாய் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மதினிதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் போனிலேயே சத்தம் போட்டார்: "ஒன் மக என் மடியில கெடக்கா, ஒன் பூட்டு ஒன் கதவுல கெடக்கு. நீ ஒரு தடவை போன் போட்டா நான் ஒரு அட்டை கோணையா ஒட்டுறேன். சூப்பர்வைசர் வந்தா ஒன் பேரைச் சொல்லட்டா?"

நாற்பது ஓட்டை

எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதைக் கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஷவர் வாங்கிக்கொண்டு போனவர் மூன்றாவது மாதம் திரும்பி வருவார். அப்படித்தான் சூலக்கரையில் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிற சார் ஒருவர் ஷவரைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். ஓட்டை எல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைத்துக் கிடந்தது.

பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். கடையில் நான் மட்டும். வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்த ஆரம்பித்தேன். பேசுவதற்குக் குத்துவது சுலபம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு பார்த்தார். கோபம் குறைகிற மாதிரி இருந்தது. "மூணு மாசத்துக்கு ஒருக்க புளித் தண்ணில ஊற வைங்க சார், உப்பு விட்டுரும்" என்றேன். "இதை வாங்கறப்பச் சொல்லலையே?" என்றார். பில் போட்ட பிறகு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஓட்டையைக் குத்தினேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எண்ணிப் பாத்தேம்மா. மொத்தம் நாப்பது ஓட்டை, வேலை பாக்குறது மூணு. எங்க ஆபீஸே தேவலை."

விலையைக் கூட்டிச் சொல்லு

இந்தப் பக்கத்துக் குளியல் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருந்துக் கையைத் தொட்டிக்குள் விட்டால் பொடி தண்ணீர் மேல் வெள்ளி ஆடை மாதிரிப் படர்ந்துவிடும். எட்டு நாள் தண்ணீரும் போச்சு. அதனால் வேலை முடிந்து வந்தவர் எதையும் தொடாமல் நிற்பார், வீட்டில் இன்னொருவர் மொண்டு ஊற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நான்தான். கல்யாணமாகி நாலு வருஷமாகத் தினமும் ஊற்றினேன். ஆனால் கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஊற்றுவேன். பாதித் தண்ணீர் சுவருக்குப் போகும். "சொவரு நல்லாக் குளிச்சிருச்சு, இனி எனக்கு ஊத்து" என்பார் வீட்டுக்காரர்.

ஒரு கம்பெனி லீவு அன்று தாயில்பட்டியிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர் விரல் நகத்தைப் பார்த்ததுமே மருந்து வேலை என்று தெரிந்துவிட்டது. எத்தனை குளித்தாலும் நகக்கண்ணில் மினுக்கம் போகாது. "ஷவர் வச்சிட்டா இவளுக்கு ஊத்துற வேலை மிச்சம்" என்று அவர் ஆசை ஆசையாக ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். அந்த அக்கா என் கையைப் பிடித்து வாஷ்பேசின் வரிசைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "வெலையைக் கூட்டிச் சொல்லு தங்கச்சி" என்றார் மெதுவாக.

எனக்குப் புரியவில்லை. கடையில் விலையைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லாரும் கேட்பார்கள். "ஏங்கக்கா, ஒங்களுக்கு வேலை கொறையும்ல?" என்றேன். அவர் புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஊத்தும்போதுதான் தங்கச்சி நான் அவுக ஒடம்பை முழுசாப் பாப்பேன். எங்கிட்டு சுட்டுச்சுன்னு கேட்டா வாய் சொல்லாது. ஒடம்பு சொல்லிரும்."

மாமனார் கட்டின தொட்டி

ஆடி மாதம் ஒரு மத்தியானம் கடைப் போன் என்னைத் தேடி அடித்தது. ராசாத்தி மதினி. அவர் எதையோ எடுக்க எங்கள் வீட்டைத் திறந்திருக்கிறார், அந்த இடைவெளியில் அபிநயா நுழைந்துவிட்டாள். மதினி போய்ப் பார்க்கும்போது பலகையைத் தள்ளிவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டு ஆட்டிக்கொண்டு இருந்தாளாம். நான் ஒரு வாடிக்கையாளர் கையில் அளவு டேப்பின் ஒரு முனையைக் கொடுத்திருந்தேன். மறுமுனையைக் கீழே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நான் கேட்கவில்லை, சொன்னேன். "இடிக்கணும்." அவர் தூங்குகிற பிள்ளையின் பாதத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். கடையில் மாதிரிக்கு மாட்டியிருந்த ஷவரைப் பாய் எனக்கே கொடுத்தார். மாடியில் ஒரு சின்ன டேங்க், கொல்லையில் திருகு மூடி போட்ட இரண்டு டிரம், மூடிக்கு ஒரு அம்மிக்கல். தொட்டியை உடைக்கச் சுந்தரம் அண்ணனே கொத்தனாரோடு வந்தார். ஒரு நாளில் முடியும் என்றது மூன்று நாள் இழுத்தது. இரண்டாவது நாள் சம்மட்டியின் கைப்பிடி முறிந்தபோது வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஒங்க மாமனாரு வீட்டை ஏனோதானோன்னு கட்டிட்டு, சிமெண்டு பூராவையும் இதுக்குள்ளயே போட்டிருக்காரும்மா. வீடு விழுந்தா எல்லாரும் தொட்டிக்குள்ள ஓடி வந்திருங்க."

அரை மணி நேரம்

தொட்டி போன இடம் வெறும் தரையாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு லேசானது. பதினோரு மணிப் போனை நிறுத்தினேன். இனி ஊற்றவும் வேண்டாம். வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்காரர் நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மேலே திருகினால் விழும். நானும் அந்த நேரத்தில் தோசை ஊற்றுவேன்.

புரட்டாசி பிறந்ததும் சீசன் சூடு பிடித்தது. தீபாவளி லோடு போகிற நேரம். அப்போதுதான் கவனித்தேன், அவர் பாத்ரூமுக்குள் போனால் வர அரை மணி நேரம் ஆகிறது. வீட்டிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டே இருந்தார். கேட்டால் "கொசு" என்றார். ஷவர் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடையில் இதைச் சொல்லியே மூன்று ஷவர் விற்றேன். "வேணாம்னு சொன்ன எங்க வீட்டுக்காரரே இப்ப அரை மணி நேரம் நிக்கிறாக" என்பேன். முகத்தைப் பார்த்தே சொல்லப் பழகியிருந்தேன். பாய் ஆச்சரியமாகப் பார்ப்பார்.

நாலாவதாக அதைக் கேட்டவர், திருத்தங்கல் பக்கத்து அம்மா ஒருவர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஆம்பளை அரை மணி நேரம் குளிச்சா, ஒண்ணு உள்ள பாட்டுப் படிக்கணும், இல்ல எதையாச்சும் மறைக்கணும். ஒங்காளு பாடுவாரா?"

கேரி பேக்

அவர் பாடினதே இல்லை.

அன்றைக்குப் பில் போடக் கை வரவில்லை. தாயில்பட்டி அக்கா காதில் சொன்னது திரும்பத் திரும்பக் கேட்டது. பாயிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னதாகவே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். வேன் வந்தது, இறங்கினார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார். தண்ணீர் விழுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கொஞ்சம் விழும், நிற்கும், கொஞ்சம் விழும். கதவைத் தட்டினேன். "சோப்பு தரட்டா?" "இருக்கு." "துண்டு?" "இருக்கு." எனக்குப் பொய் வராது என்று முதலில் சொன்னேன் இல்லையா, அன்றைக்கு வந்தது. "அபி விழுந்துட்டா" என்றேன்.

கதவு படாரென்று திறந்தது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஜவுளிக்கடை கேரி பேக்கைச் சுற்றி, நாலு ரப்பர் பேண்டு போட்டிருந்தார். அபிநயா அடுக்களை வாசலில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நானே ரப்பர் பேண்டைக் கழற்றினேன். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவப்பாக, ஓரம் கறுத்து இருந்தது. மருந்து செலுத்தும்போது உரசி ஒரு பொறி. பக்கத்தில் இருந்தவர்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார்கள். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஊசி போட்டு, களிம்பு கொடுத்து, நனைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாளும் ஒற்றைக் கையால் பொடியைத் தேய்த்துக் குளித்திருக்கிறார். அந்த அரை மணி நேரத்தைச் சொல்லித்தான் நான் மூன்று ஷவர் விற்றிருக்கிறேன்.

நான் கத்தினேன். நான் கத்தி அவர் கேட்டதில்லை, தெருவே கேட்டதில்லை. ராசாத்தி மதினி அட்டையும் பசையுமாக ஓடி வந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அதையே கேட்டேன். கேரி பேக்கை நாலாக மடித்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்: "தொட்டியில ரெண்டு காலைப் பாத்ததுக்கே ஆறு மாசம் சோறு எறங்கல ஒனக்கு. இதைக் காட்டுனா என்னத்தைத் திம்பே?"

சம்பந்தம் பேசுகிற மாதிரி

கை ஆறினது. தோல் மட்டும் அந்த இடத்தில் வேறு நிறம். ஆறினதும் அவர் அதே வேனில் அதே வேலைக்குத்தான் போனார். வேறு வேலை பார்க்கலாம் என்று அடிக்கடி சொல்கிறேன், பார்ப்போம் என்கிறார். நாங்கள் இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. குளியலில் மட்டும் வந்துவிட்டோம். சாயங்காலம் கொல்லை டிரம்மிலிருந்து இரண்டு வாளி மொண்டு வைப்பேன். கதவைச் சாத்த விடுவதில்லை. நான்தான் ஊற்றுகிறேன். இப்போது சுவரைப் பார்ப்பதில்லை. பத்து விரல், இரண்டு கை, கழுத்து, முதுகு, காதுக்குப் பின்னால் வரை பார்த்த பிறகுதான் அடுத்த செம்பு. "என்னடி, துணி வாங்குறவ மாதிரி பெரட்டிப் பெரட்டிப் பாக்குற" என்று அவர்தான் இப்போது கூச்சப்படுகிறார். அபிநயா தன் டம்ளரில் மொண்டு அப்பாவின் பாதத்துக்கு மட்டும் ஊற்றுவாள்.

கடையிலும் என் பேச்சு மாறிவிட்டது. தொட்டியா ஷவரா என்று யாராவது கேட்டால் இடம் மிச்சம், பாசி பிடிக்காது என்றெல்லாம் ஒப்பிப்பதில்லை. வீட்டில் நடை பழகுகிற பிள்ளை இருக்கிறதா, ஆம்பளை எங்கே வேலை பார்க்கிறார், வந்ததும் யார் ஊற்றிவிடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். பில் போடுவதற்கு முன்னாலேயே உப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாய் கல்லாவில் தலையில் கை வைத்துக்கொள்வார், ஆனால் தடுப்பதில்லை. போன வாரம் ஒரு அம்மா நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏ தாயி, நான் ஷவரு வாங்க வந்தேனா, எம் மகளுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தேனா? சம்பந்தம் பேசுற மாதிரியில்ல விசாரிக்கிற!"

இத்தனை வருஷத்தில் எங்கள் கடையிலிருந்து போன ஷவர்களிலேயே ஒரு ஓட்டைகூட உப்பு அடைக்காமல் இருப்பது எங்கள் வீட்டு ஷவர் ஒன்றுதான், ஏனென்றால் அதில் தண்ணீர் விழுவதில்லை, என் செம்பும் அபிநயாவின் டம்ளரும் மட்டும் தொங்குகின்றன.